உஸ்பெகிஸ்தானின் பழைய நகரங்கள்: கீவாவில் தொடங்குங்கள், சமர்கந்தில் முடியுங்கள்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் கேட்டிருக்கும் கேள்வி இது. அக்டோபரில் பன்னிரண்டு நாள் விடுமுறை. கணவன், மனைவி, எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், அறுபத்தெட்டு வயது அம்மா. உஸ்பெகிஸ்தானின் பழைய நகரங்களைப் பார்க்க ஆசை. ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர் ஐந்து நாள் திட்டம் ஒன்று தந்திருக்கிறார்: தாஷ்கண்டில் மூன்று இரவு, சிம்கான் மலைக்கு ஒரு நாள், சமர்கந்துக்கு ரயிலில் போய் அன்றே திரும்புதல். இது போதுமா, புகாராவும் கீவாவும் சேர்த்துத் தாங்களாகவே போக முடியுமா, முட்டைகூடச் சாப்பிடாத அம்மாவுக்கு உணவு கிடைக்குமா என்று கேட்கிறார்கள்.

அந்த நாட்டுக்கு இரண்டு முறை போய் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தாராளமாக நீங்களாகவே போகலாம், போகவும் வேண்டும். அந்த ஐந்து நாள் திட்டத்தை ஏற்காதீர்கள். தாஷ்கண்டுக்கு அருகிலுள்ள சிம்கானும் சார்வாக் நீர்த்தேக்கமும் அழகான இடங்கள்தான். ஆனால் நீங்கள் கேட்டது பழைய நகரங்களை. சமர்கந்தைக் காலையில் இறங்கி மாலையில் ரயிலேறிப் பார்ப்பது, மதுரைக்குப் போய்க் கோபுரத்தை மட்டும் வெளியிலிருந்து பார்த்துவிட்டு வருவதைப் போன்றது.

திட்டமிடுவதில் பெரும்பாலோர் தவறுவது வரிசையில்தான். விமானம் தாஷ்கண்டில் இறங்குகிறது, அங்கிருந்து சமர்கந்து பக்கம், அதைத் தாண்டினால் புகாரா, கடைசியில் தொலைதூரத்தில் கீவா. வரைபடத்தைப் பார்க்கும் எவரும் இந்த வரிசையில்தான் போக நினைப்பார்கள். முதல் முறை நானும் அப்படித்தான் போனேன். சமர்கந்தில் உள்ள ரெகிஸ்தான் சதுக்கத்தின் மூன்று மாபெரும் முகப்புகளைப் பார்த்த கண்ணுக்கு அதற்குப் பிறகு எதுவும் ஏறவில்லை. புகாராவின் செங்கல் சுவர்கள் வெறுமையாகத் தெரிந்தன. கீவாவைச் சேரும்போது உடம்பும் மனமும் களைத்துவிட்டன. திரும்பும் விமானத்தைப் பிடிக்க வேண்டுமே என்ற கவலை வேறு சேர்ந்துகொண்டது. இரண்டாம் முறை வரிசையைத் தலைகீழாக்கினேன். முதலில் கீவாவுக்குப் பறந்துவிட்டு, கிழக்கு நோக்கிப் படிப்படியாகத் திரும்பினேன். அப்போதுதான் அந்த நாடு எனக்குப் புரிந்தது. கீவாவில் மண், புகாராவில் செங்கல், சமர்கந்தில் மெருகேற்றிய ஓடு என்று கண் ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டே வரும். கீவாவிலும் ஓட்டு வேலை நிறைய உண்டு. ஆனாலும் அந்த ஊர் மனதில் பதிவது அதன் மண் மதிலால்தான். தொலைவான இடத்தை முதலில் முடித்துவிடுவதால், திரும்பும் நாள் நெருங்க நெருங்க விமான நிலையமும் நெருங்கி வரும். வயதான அம்மாவோடு போகும்போது இது பெரிய நிம்மதி.

உங்கள் பன்னிரண்டு நாளை இப்படிப் பிரிக்கலாம். முதல் நாள் தில்லி. இரண்டாம் நாள் தாஷ்கண்டில் இறங்கி ஓய்வு. மூன்றாம் நாள் காலையில் உள்நாட்டு விமானத்தில் ஊர்கெஞ்ச் போய், அங்கிருந்து காரில் சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கீவாவை அடையலாம். அங்கே இரண்டு இரவு. ஐந்தாம் நாள் புகாராவுக்கு ரயில், அங்கே மூன்று இரவு. எட்டாம் நாள் சமர்கந்து, அங்கும் மூன்று இரவு. பதினோராம் நாள் தாஷ்கண்ட், மறுநாள் விமானம். இதில் எந்த ஊரையும் ஒற்றை இரவாகக் குறைக்காதீர்கள். நேரம் போதவில்லை என்றால் ஒரு ஊரை முழுதாக விட்டுவிடுவது மேல்.

தில்லியில் எதற்காக ஒரு நாள் என்று கேட்பீர்கள். சென்னையிலோ கோவையிலோ கிளம்பினாலும், தாஷ்கண்டுக்கு நேரடி விமானம் தில்லியிலிருந்து எளிதாகக் கிடைக்கும். பறக்கும் நேரம் சுமார் மூன்று மணி நேரம்தான். எப்படியும் தில்லியில் காத்திருக்க வேண்டும் என்றால் அந்தப் பகலில் ஹுமாயூன் சமாதியைப் பாருங்கள். அதைக் கட்டிய மீராக் மிர்சா கியாஸ் புகாராவிலும் வேலை செய்தவர். உள்ளே ஒரு குவிமாடம், அதற்கு மேலே வெளிப்பார்வைக்கு உயரமாக இன்னொரு குவிமாடம் என்று இரட்டையாகக் கட்டும் முறை மத்திய ஆசியாவிலிருந்து வந்தது. ஹுமாயூனின் தந்தை பாபர் 1483-இல் ஆண்டிஜானில் பிறந்தவர். தைமூரின் வழித்தோன்றல். பதின்ம வயதிலேயே சமர்கந்தைப் பிடித்து, இழந்து, மீண்டும் பிடித்து, மீண்டும் இழந்து, கடைசியில் தெற்கே திரும்பியவர். சமர்கந்தில் தைமூரின் சமாதிக்கு முன்னால் நிற்கும்போது உங்கள் மகள் தில்லியில் பார்த்த குவிமாடத்தை நினைவுகூர்ந்தால், அந்த ஒரு நாளின் செலவு வீணில்லை.

கீவாவில் பார்க்க வேண்டியது இச்சான் கலா என்னும் உள்நகரம். சுற்றிலும் பத்து மீட்டர் உயர மண் மதில், அதற்குள் 26 ஹெக்டேர் பரப்பில் ஒரு முழு ஊர். 1990-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தங்கும் இடத்தை மதிலுக்கு உள்ளேயே பிடியுங்கள். பகலில் குழுக்களாக வருபவர்கள் மாலையில் போய்விடுவார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தத் தெருக்கள் முழுவதும் உங்களுடையவை. அம்மாவுக்கும் இது நல்லது. எல்லாம் நடக்கும் தூரத்தில் இருப்பதால், களைத்தால் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டுத் திரும்பலாம்.

மேற்கு வாசலுக்குள் நுழைந்ததும் கால்த்தா மினோர் தெரியும். தலையில்லாத பருத்த கோபுரம், அடி முதல் நுனி வரை பச்சையும் நீலமுமாக ஓடு பதித்தது. இதுவரை யாரும் கட்டாத உயரத்துக்குக் கட்ட நினைத்த முகம்மது அமீன் கான் 1855-இல் போரில் இறந்துபோனார். வேலை அப்படியே நின்றது. ஜும்ஆ பள்ளிவாசலைத் தவற விடாதீர்கள். வெளியே ஆரவாரமான முகப்பு எதுவும் இல்லை. உள்ளே இருநூறுக்கும் மேற்பட்ட மரத்தூண்கள், கூரையின் சிறு திறப்பு வழியாக மட்டும் வெளிச்சம். ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு காலத்தது. சில பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, பழைய கட்டடங்களிலிருந்து எடுத்து வந்து நட்டவை. ஆயிரங்கால் மண்டபம் பார்த்துப் பழகிய நமக்குத் தூண்களின் காடு புதிதில்லை. ஆனால் மரத்தில், அதுவும் அடிப்பக்கம் குடம்போல் உருண்டு பிறகு குறுகி, அங்குலம் விடாமல் கொடி செதுக்கிய தூண்களை வேறெங்கே பார்க்கப் போகிறோம்? அம்மாவை அங்கே ஒரு தூணோரம் அரை மணி நேரம் உட்கார வையுங்கள்.

உங்கள் மகளுக்கு ஒரு செய்தி. மதிலுக்கு வெளியே ஒரு சிலை குனிந்து தரையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருக்கும். அவர் அல்-குவாரிஸ்மி. குவாரிஸ்ம் என்பது இந்தப் பகுதியின் பழைய பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்துகொண்டு அவர் எழுதிய நூலின் தலைப்பில் வரும் அல்-ஜபர் என்ற சொல்தான் அல்ஜீப்ரா ஆனது. அவருடைய பெயரே அல்காரிதம் ஆனது. நம் நாட்டு எண்களை வைத்துக் கணக்குப் போடும் முறையை அரபு உலகத்துக்கு விளக்கி எழுதியவரும் அவரே. அந்த நூலின் லத்தீன் மொழிபெயர்ப்பு வழியாக அந்த முறை ஐரோப்பாவுக்குப் போனது. கிழக்கு வாசலில் இன்னொன்றையும் அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 1873-இல் ருஷ்யப் படை வந்து நிறுத்தும் வரை இங்கே அடிமைச் சந்தை நடந்தது. அழகான மதில்தான், ஆனால் அதற்குள் அழைத்து வரப்பட்ட எல்லாரும் விரும்பி வந்தவர்கள் இல்லை.

கீவாவிலிருந்து புகாராவுக்கு நடுவில் கிசில்கும் பாலைவனம். தரைவழித் தூரம் சுமார் 450 கிலோமீட்டர். கார்க்காரர்கள் ஆறு மணி நேரம் என்பார்கள், நடைமுறையில் ஏழெட்டு ஆகிவிடும். இடையில் கழிப்பறைகளின் நிலையை நினைத்தால் அம்மாவுக்கு ரயில்தான் சரி. கீவாவுக்கு 2018-லிருந்து ரயில் நிலையம் இருக்கிறது. எல்லா நாளும் வசதியான நேரத்தில் ரயில் இருக்காது என்பதால், இந்த ஒரு பயணத்தின் தேதியை முதலில் உறுதி செய்துவிட்டு மற்றவற்றை அதைச் சுற்றி அமையுங்கள்.

புகாராவில் மூன்று இரவு என்று சொன்னதற்குக் காரணம், அந்த ஊரில்தான் நீங்கள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கப் போகிறீர்கள். லாப்-இ-ஹவுஸ் என்பது ஒரு குளக்கரை. 1620-இல் வெட்டி முடித்த குளம், நான்கு பக்கமும் கல் படிக்கட்டுகள், கரையில் முதிர்ந்து பட்டுப்போன முசுக்கட்டை மரங்கள். நம் ஊர்த் தெப்பக்குளத்தின் தங்கை என்று தோன்றும். ஒரு காலத்தில் புகாரா முழுக்க இப்படிக் குளங்கள் இருந்தன. ஊரே அவற்றில்தான் நீர் எடுத்தது, நரம்புச்சிலந்தி நோயும் அவற்றிலிருந்துதான் பரவியது. சோவியத் ஆட்சியில் குழாய் நீர் கொடுத்துப் பெரும்பாலான குளங்களைத் தூர்த்துவிட்டார்கள். மிஞ்சிய சிலவற்றில் பெரியது இது. பழைய வணிகர் வீடுகளைத் தங்கும் விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள், அவற்றில் ஒன்றைக் குளத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் எடுங்கள். முன்பதிவு செய்யும்போதே தரைத்தளத்தில் அறை வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். அந்த வீடுகளின் மரப்படிகள் செங்குத்தானவை.

ஒரே ஒரு கட்டடத்தைத்தான் நிதானமாகப் பார்க்க முடியும் என்றால், அது புகாராவை ஆண்ட சாமானித் அரச மரபினரின் சமாதியாக இருக்கட்டும். பூங்காவுக்குள் தனியாக நிற்கும் சிறிய சதுரக் கட்டடம். பக்கத்துக்குப் பத்து மீட்டர் அளவுதான். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதாவது தஞ்சைப் பெரிய கோவிலுக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்னால் கட்டியது. ஓடு இல்லை, வண்ணம் இல்லை, வெறும் சுட்ட செங்கல். அந்தச் செங்கலைப் படுக்கையாக, நிறுத்தி, சாய்த்து, உள்ளே தள்ளி, வெளியே நீட்டி, பாய் முடைந்ததுபோல் சுவர் முழுவதையும் முடைந்திருக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்கு ஒரு முறை, நடுப்பகலில் ஒரு முறை, வெயில் இறங்கும்போது ஒரு முறை போங்கள். வெயில் நகர நகரச் செங்கல் விளிம்புகளின் நிழல் மாறி, ஒரே சுவர் மூன்று விதமான துணியாகத் தெரியும். உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். சதுரச் சுவரின் நான்கு மூலைகளிலும் வளைவு கொடுத்து எண்கோணமாக்கி, அதைப் பதினாறு பட்டையாக்கி, அதன்மேல் வட்டக் குவிமாடத்தை உட்கார வைத்திருக்கிறார்கள். பின்னால் வந்த பெரிய குவிமாடங்களின் இலக்கணம் இந்தச் சின்ன அறையிலேயே இருக்கிறது. முதல் முறை இதைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டுக் கடந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கல்யான் கோபுரம் 1127-இல் எழுப்பியது, சுமார் 46 மீட்டர் உயரம். 1220-இல் செங்கிஸ் கான் ஊரை எரித்தபோதும் இது தப்பியது. சுற்றிலும் பட்டை பட்டையாகச் செங்கல் கோலங்கள், ஒரு பட்டையைப் போல் இன்னொன்று இல்லை. எதிரே உள்ள மீர்-இ-அரப் மதரசா இன்றும் மாணவர்கள் படிக்கும் இடம், வாசலோடு நின்றுவிட வேண்டும்.

குளக்கரையிலிருந்து கோபுரத்துக்குப் போகும் வழியில் மூன்று குவிமாடச் சந்தைகள் வரும். ஒன்று தொப்பி விற்றவர்களுக்கு, ஒன்று பொற்கொல்லர்களுக்கு. தோக்கி சரோஃபான் என்னும் மூன்றாவது, காசு மாற்றிக் கொடுத்தவர்களுக்கு. சராஃப் என்ற அந்த அரபுச் சொல்தான் தமிழில் சராப்பு ஆனது. பழைய பத்திரங்களிலும் வங்கிகளிலும் அந்தச் சொல் புழங்கியதை உங்கள் அம்மா கேள்விப்பட்டிருக்கலாம். முல்தானிலிருந்து போன இந்திய வணிகர்களும் வட்டிக்குக் கொடுப்பவர்களும் புகாராவில் பல தலைமுறைகள் வாழ்ந்தார்கள், அவர்களுக்கென்றே சத்திரம் இருந்தது. அந்தக் குவிமாடத்தின் கீழ் நின்றபோது, நாம் அங்கே முதல் முறையாகப் போகிறவர்கள் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

புகாராவிலிருந்து சமர்கந்துக்கு அஃப்ரோசியோப் என்னும் அதிவேக ரயில் இருக்கிறது, இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும். அங்கிருந்து தாஷ்கண்டுக்கும் அதே ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். இதன் டிக்கெட்டுகள் விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே தீர்ந்துவிடும். அக்டோபர் பயணிகள் நிறைந்த மாதம். உஸ்பெகிஸ்தான் ரயில்வேயின் சொந்த இணையதளத்திலேயே வாங்கலாம். என் முதல் பயணத்தில் ஒரு முகவரிடம் பொறுப்பைக் கொடுத்தேன். அவர் வாங்கிவிட்டதாகச் சொன்னார், கிளம்பும் முந்தைய நாள் டிக்கெட் இல்லை என்றார். ஜூலை வெயிலில், குளிரூட்டி சரியாக வேலை செய்யாத பெட்டியில் உட்கார்ந்து போனோம். உங்கள் கையாலேயே வாங்குங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். நம்மவர்களுக்கு இனிஷியல் விரிந்து நிற்கும், சிலருக்குக் குடும்பப் பெயர் கட்டமே காலியாக இருக்கும். விசாவிலும் டிக்கெட்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ரயில் நிலைய வாசலிலேயே பாஸ்போர்ட்டைப் பார்ப்பார்கள், பைகளைச் சோதிப்பார்கள், அரை மணி முன்னதாகவே போய்விடுங்கள். தாஷ்கண்டில் வடக்கு நிலையம், தெற்கு நிலையம் என்று இரண்டு உண்டு, டிக்கெட்டில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். புகாரா நிலையம் ஊருக்குள் இல்லை, காகான் என்ற பக்கத்து ஊரில் இருக்கிறது.

இப்போது சமர்கந்து. முதல் நாள் மாலையில் ரெகிஸ்தானுக்குப் போய்ச் சும்மா நில்லுங்கள். இடப்பக்கம் உலுக்பேக் மதரசா, 1420-இல் முடிந்தது. வலப்பக்கம் ஷேர்-தோர், 1636-இல். நடுவில் தில்லா-காரி, 1660-இல். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் இருநூறு ஆண்டு இடைவெளி என்று பார்த்தால் தெரியாது, அவ்வளவு இணக்கம். ஷேர்-தோர் முகப்பில் இரண்டு வேங்கைகள் மான்களைத் துரத்துகின்றன, அவற்றின் முதுகில் மனித முகத்தோடு சூரியன். பள்ளி முகப்பில் உயிர்களை வரையக் கூடாது என்ற வழக்கத்தை மீறி வரைந்தது.

இங்கே ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஏமாற்றமாக இருக்கும். நீங்கள் பார்ப்பதில் கணிசமான பகுதி இருபதாம் நூற்றாண்டில் கட்டியது. தில்லா-காரியின் நீலக் குவிமாடம் பழங்காலத்தில் முடிக்கப்படவே இல்லை, சோவியத் காலத்தில் எழுந்தது. பீபி கானும் பள்ளிவாசல் 1897 நிலநடுக்கத்தில் பெரிதும் சரிந்து, 1970-களில் தொடங்கி மீண்டும் எழுப்பப்பட்டது. இதை அறிந்த சிலர் எல்லாம் போலி என்று முகம் சுளிக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உலுக்பேக் மதரசாவின் கோபுரம் ஒன்று சாய்ந்து விழ இருந்தது. விளாதிமிர் ஷுகோவ் என்ற பொறியாளர் வகுத்த முறையில் 1932-இல் அதைக் கழற்றாமலேயே நிமிர்த்தினார்கள். அந்த உழைப்பும் இந்த ஊரின் வரலாறுதான். போவதற்கு முன் ப்ரொகூதின்-கோர்ஸ்கி என்ற ருஷ்யர் 1910-ஐ ஒட்டி எடுத்த சமர்கந்து வண்ணப் புகைப்படங்களை இணையத்தில் பாருங்கள். உதிர்ந்த ஓடு, உடைந்த குவிமாடம், அதன் நிழலில் பழம் விற்பவர்கள். அதன் பிறகு எது பழையது, எது புதியது என்று கண் தானாகவே பிரித்தறியும்.

பீபி கானுமைப் பார்க்கும்போது தில்லியை நினைக்காமல் இருக்க முடியாது. 1398-இல் தைமூர் தில்லியைக் கொள்ளையிட்டு, மக்களைக் கொன்று குவித்துவிட்டுத் திரும்பினார். மறு ஆண்டே இந்தப் பள்ளிவாசலைத் தொடங்கினார். நம் நாட்டிலிருந்து கொண்டு போன யானைகள்தான் கல் இழுத்தன. அங்கே அவர் தேசத்தின் தந்தை, எங்கும் சிலை. வழிகாட்டியிடம் வாதாட வேண்டாம், நாம் அறிந்ததை நாம் அறிந்திருந்தால் போதும். 1405-இல் சீனப் படையெடுப்புக்குப் போகும் வழியில் ஒத்ராரில் அவர் இறந்தார். கூர்-இ-அமீரில் கரும்பச்சை ஜேடு கல் பலகையின் கீழ், தன் குருவின் காலடியில் கிடக்கிறார். 1941 ஜூனில் சோவியத் அறிஞர்கள் கல்லறையைத் திறந்ததால்தான் ஹிட்லர் படையெடுத்தான் என்று ஒரு கதை சொல்வார்கள். படையெடுப்பு பல மாதம் முன்பே திட்டமிடப்பட்டது, கதையைக் கதையாகக் கேளுங்கள்.

எனக்கு அந்த ஊரில் உயர்ந்தவர் தைமூரின் பேரன் உலுக்பேக். அவருடைய வானாய்வுக்கூடத்தில் இப்போது மிஞ்சியிருப்பது மலையைக் குடைந்த ஒரு பள்ளத்தில் வளைந்து இறங்கும் இரண்டு கல் தண்டவாளங்கள் மட்டுமே. சுமார் 40 மீட்டர் ஆரம் கொண்ட ஒரு மாபெரும் கோணமானியின் அடிப்பகுதி அது. 1437-இல் அவர் முடித்த பட்டியலில் 1018 விண்மீன்கள். தொலைநோக்கி இல்லாத காலம். நட்சத்திர ஆண்டின் நீளத்தை ஒரு நிமிடத்துக்கும் குறைவான பிழையோடு கணித்தார். அவருடைய அட்டவணைகள் பின்னாளில் ஜந்தர் மந்தர் கட்டிய சவாய் ஜெய்சிங்குக்கும் பயன்பட்டன. 1449-இல் சொந்த மகனின் ஏற்பாட்டில் தலை வெட்டப்பட்டு இறந்தார். ஆய்வுக்கூடம் இடிந்து, இருந்த இடமே மறந்து, 1908-இல்தான் வியாத்கின் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தார். அந்தப் பள்ளத்துக்கு முன்னால் நிற்க ஐந்து நிமிடம் போதும், ஆனால் உங்கள் மகளுக்கு அந்த ஐந்து நிமிடம் நீண்ட நாள் நினைவிருக்கும்.

ஷா-இ-ஜிந்தா என்ற சமாதித் தெருவில்தான் ஓட்டு வேலையின் உச்சம். ஏறுவதற்குச் செங்குத்தான படிகள் உண்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணிக்கை ஒன்றாக வந்தால் புண்ணியம் என்று அங்கே நம்பிக்கை. அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் காலை எட்டு மணி வாக்கில், கூட்டமும் வெயிலும் இல்லாதபோது மெல்ல ஏற்றுங்கள். அது இன்றும் மக்கள் வேண்டிக்கொள்ளும் இடம். தோளும் காலும் மூடிய உடை அணிந்து, பேச்சைக் குறையுங்கள். அஃப்ராசியாப் அருங்காட்சியகத்தில் ஏழாம் நூற்றாண்டுச் சுவரோவியம் இருக்கிறது, பல நாட்டுத் தூதர்கள் வரிசையாக வருகிறார்கள். அதில் ஒரு சுவர் இந்தியாவைக் காட்டுகிறது என்பது ஆய்வாளர்கள் சிலரின் கருத்து.

உணவு விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது இறைச்சி நாடு. புலாவ் என்னும் ஓஷ் ஆட்டுக்கொழுப்பில் செய்வது, இறைச்சியை ஒதுக்கிவிட்டுச் சோற்றை மட்டும் தின்னலாம் என்பது அம்மாவுக்கு ஆகாது. காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் அடியில் எலும்புச் சாறு இருக்கும். 'கோஷ்த்சிஸ்' என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள், இந்த ஒரு சொல்லை எல்லாரும் மனப்பாடம் செய்யுங்கள். முட்டையும் வேண்டாம், விலங்குக் கொழுப்பும் வேண்டாம் என்பதை உஸ்பெக்கிலும் ருஷ்ய மொழியிலும் ஒரு தாளில் எழுதி வைத்துக் காட்டுங்கள். பூசணி வைத்த சோம்சா (நம் சமோசாவின் உறவுதான்) பல இடங்களில் கிடைக்கும், கொழுப்பு சேர்த்தார்களா என்று கேட்டு வாங்குங்கள். கீவாவில் ஷிவித் ஓஷி என்று சதகுப்பைக் கீரைச் சாற்றில் பிசைந்த பச்சை நூடுல்ஸ் உண்டு. மேலே ஊற்றும் இறைச்சிக் குழம்பை விடுத்துத் தயிரோடு தரச் சொல்லுங்கள், மாவில் முட்டை உண்டா என்று கேட்டபிறகே அம்மாவுக்குக் கொடுங்கள். தக்காளி வெங்காய சாலட், தயிர், பாதாம், உலர்திராட்சை, அக்டோபரில் மாதுளையும் திராட்சையும் தாராளம். சமர்கந்தில் மருத்துவம் படிக்கும் இந்திய மாணவர்கள் நிறைய இருப்பதால் சோறும் பருப்பும் தரும் இந்திய உணவகங்கள் இருக்கின்றன. தாஷ்கண்டிலும் உண்டு. கடினம் கீவாதான், அந்த இரண்டு நாளுக்குச் சின்ன மின்குக்கரும், அரிசியும், பொடிவகையும் பையில் இருக்கட்டும்.

ரொட்டிக்கு மட்டும் குறையே இல்லை. அதற்கு அங்கே நோன் என்று பெயர். பீபி கானுமுக்குப் பக்கத்திலுள்ள சியோப் சந்தையில், வரிசையாகப் பெண்கள் பழைய குழந்தை வண்டிகளில் ரொட்டியைத் துணி போர்த்தி அடுக்கி விற்பார்கள். கனமான, பளபளவென்ற வட்ட ரொட்டி. நடுப்பகுதி உப்பாமல் இருக்க, முள்முள்ளாக ஊசிகள் பதித்த மரக்கட்டையால் குத்திப் பூக்கோலம் போட்டிருப்பார்கள். நான் வாங்கியதைத் தலைகீழாக மேசையில் வைத்தபோது, பக்கத்திலிருந்த பாட்டி ஒன்றும் சொல்லாமல் எடுத்து நிமிர்த்தி வைத்தார். ரொட்டியைக் கவிழ்த்து வைப்பது அவர்களுக்கு அவமதிப்பு. தொலைதூரம் போகும் மகன் ஒரு கடி கடித்துவிட்டுப் போக, மீதியைத் திரும்பி வரும் வரை வீட்டில் மாட்டி வைக்கும் வழக்கம் அங்கே உண்டு. தேநீரைப் பியாலா என்னும் கிண்ணத்தில் கால்வாசிதான் ஊற்றுவார்கள், அது கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். அடிக்கடி ஊற்றிக் கொடுத்து உபசரிக்கத்தான் அப்படி.

கடைசி நாள் தாஷ்கண்டில் மெட்ரோ நிலையங்களைப் பாருங்கள். 1977-இல் தொடங்கியது, ஒவ்வொரு நிலையமும் ஒரு மண்டபம். தாஷ்கண்ட் ஏன் பழைய ஊராகத் தெரியவில்லை என்றால், 1966 ஏப்ரல் 26-இல் வந்த நிலநடுக்கம் அதைத் தரைமட்டமாக்கியது. அதே ஆண்டு ஜனவரி 10-இல் அங்கே பாகிஸ்தானுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட லால் பகதூர் சாஸ்திரி மறுநாள் அதிகாலையில் அங்கேயே இறந்தார். அவர் பெயரில் ஒரு தெருவும் ஒரு சிலையும் இருக்கின்றன. உங்கள் அம்மா அப்போது சிறுமியாக இருந்திருப்பார். அந்தச் சிலைக்கு ஒரு பூ வைக்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

மற்றவை சுருக்கமாக. இந்தியர்களுக்கு மின்விசா உண்டு, அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். ஒருமுறை நுழையும் விசாவுக்குக் கட்டணம் 20 டாலர். அதைவிட அதிகம் கேட்கும் தளம் இடைத்தரகருடையது. தங்கும் விடுதிகள் உங்கள் வருகையைப் பதிவு செய்யும், அந்தச் சீட்டுகளை நாட்டைவிட்டு வெளியேறும் வரை பத்திரப்படுத்துங்கள். கசங்காத, கிழியாத டாலர் நோட்டுகள் கொண்டு போங்கள். ஒரு டாலருக்குப் பன்னிரண்டாயிரம் சோம் அளவில் வரும் என்பதால் சுழியங்களைப் பார்த்து மிரள வேண்டாம். குழாய் நீர் குடிக்க வேண்டாம். அக்டோபரில் பகல் இதமாக இருக்கும், இரவு குளிரும், அம்மாவுக்குக் கம்பளிச் சட்டையும் காலுறையும் அவசியம். ட்ரோன் கொண்டு போகவே போகாதீர்கள்.

அம்மாவின் மருந்துகளை இப்போதே எடுத்து மேசையில் வைத்துப் பாருங்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, கடுமையான வலி மாத்திரை ஆகியவற்றுக்கு அந்த நாட்டில் கடும் கட்டுப்பாடு உண்டு. அவற்றில் எதுவும் இருந்தால், மாற்று மருந்து தர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முடியாது என்றால் ஆங்கிலத்தில் எழுதிய சீட்டை வாங்கி, மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்காமல், சுங்கத்தில் நீங்களாகவே சொல்லிவிட்டு எடுத்துச் செல்லுங்கள். விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.